‘இது சோதனை மட்டுமே’: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நிலநடுக்கத்தைப் பற்றி இத்தனை கடிதங்கள் இதற்கு முன் வந்ததில்லை. 2025 ஆகஸ்டு 24 விடியற்காலை ஜோகூரில் சிகாமாட் நடுங்கியது. 4.1 அளவுதான். ஆனாலும் “நம் ஊரில் அதெல்லாம் வராது” என்று சொல்லிக்கொண்டிருந்த பலரை அது யோசிக்க வைத்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், அங்கே வேலை செய்கிறவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். நான் பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒத்திகை நடத்துவதும் சைரனைச் சோதிப்பதும்தான் என் அன்றாட வேலையாக இருந்தது. அதனால் இந்த இதழில் என் பக்கங்கள் முழுவதும் இதற்கே.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். அக்டோபர் மாதம் ஒருநாள் நள்ளிரவு தாண்டி ஒன்றே கால் மணிக்கு அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அவள் போனில் நிலநடுக்க எச்சரிக்கை! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகுதான் “டிரில்தான் மா, பயப்படாதீங்க” என்றாள். அங்கே இது அடிக்கடி நடக்குமா? உண்மையாகவே வந்தால் தப்பிக்க நேரம் இருக்குமா? அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசிக்கிறேன். (ஒரு தாய், ஆயர் ஈத்தாம்)

பதில்: நடுராத்திரியில் அப்படி ஒரு படத்தைப் பார்த்தால் பெற்ற வயிறு பதறத்தான் செய்யும், சகோதரி. நடந்தது இதுதான். கலிபோர்னியாவில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மூன்றாவது வியாழக்கிழமை ‘ஷேக்அவுட்’ என்ற பெயரில் மாநிலம் முழுவதும் நிலநடுக்க ஒத்திகை நடக்கும். 2008இல் தென் கலிபோர்னியாவில் ஆரம்பித்தது, இப்போது பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. தேதியையே நேரமாக வைத்துக்கொள்வார்கள். 2025இல் அது 10ஆம் மாதம் 16ஆம் தேதி, அதனால் காலை 10:16. அங்கே வியாழன் காலை 10:16 என்றால் நமக்கு வெள்ளி அதிகாலை 1:16. அந்த நேரத்தில் ‘மைஷேக்’ என்ற செயலி ஒரு சோதனை எச்சரிக்கையை அனுப்பும். அந்தச் செயலியை உருவாக்கியதே உங்கள் மகள் படிக்கும் பெர்க்கிலிதான்.

உண்மையான எச்சரிக்கை வந்தால் கிடைப்பது சில நொடிகள்தான். நிலம் பிளக்கும்போது இரண்டு வகை அலைகள் கிளம்புகின்றன. முதலில் வருவது நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அது பெரிதாகச் சேதம் செய்யாது. பின்னால் வருவது நொடிக்கு 3.5 கிலோமீட்டர் போல மெதுவாக வரும். கட்டடத்தை உலுக்குவது அதுதான். முதல் அலையை நிலத்தில் பதித்த கருவிகள் பிடித்துவிட்டால், இரண்டாவது வந்து சேர்வதற்குள் போன்களுக்குத் தகவலை அனுப்பிவிடலாம். ‘ஷேக்அலர்ட்’ என்ற இந்த ஏற்பாடு 2019 அக்டோபரில் கலிபோர்னியா மாநிலம் முழுவதும் பொதுமக்களின் கைக்கு வந்தது. மையத்துக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு அந்தச் சில நொடிகளும் கிடைக்காது. ஐந்து நொடியில் உட்கார்ந்து யோசிக்க முடியுமா? மேசைக்கு அடியில் புகுந்துவிட மட்டும் முடியும், அதுவும் முன்பே ஒருமுறை புகுந்து பார்த்திருந்தால். ஒத்திகை எதற்கு என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதைத்தான்.

அங்குள்ள பல்கலைக்கழகங்கள் இதைத் தங்கள் விருப்பத்துக்குச் செய்வதில்லை. 2007இல் வர்ஜீனியா டெக் வளாகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 32 பேர் பலியானபோது, மாணவர்களுக்கு எச்சரிக்கை தாமதமாகப் போனது என்ற பெரிய குமுறல் எழுந்தது. அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தினார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் அவசர எச்சரிக்கை முறையை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்துப் பார்த்தே தீர வேண்டும்.

அப்புறம், ஆபத்தைக் குறைத்துச் சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. ஹேவர்ட் என்ற நிலப்பிளவு பெர்க்கிலி வளாகத்தின் விளையாட்டரங்கத்துக்கு நேர் அடியிலேயே போகிறது. கடைசியாக அது பெரிதாக அசைந்தது 1868இல். ஆனால் அந்தப் பிளவு இருப்பது தெரிந்து, பெரும் பணம் செலவழித்து அரங்கத்தைப் பலப்படுத்தி, 2012இல் மறுபடி திறந்தவர்கள் அவர்கள். 1994 ஜனவரி 17 அதிகாலை 4:31க்கு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நார்த்ரிட்ஜில் 6.7 அளவில் நிலநடுக்கம் வந்தது. அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் கார் நிறுத்தக் கட்டடம் வளைந்து நொறுங்கியது. விடுமுறை நாள், விடியாத நேரம். வளாகத்தில் ஆள் இல்லாததால் பிழைத்தார்கள். பக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் மட்டும் 16 பேர் இறந்தார்கள். அதையெல்லாம் பார்த்துப் பாடம் படித்த மாநிலம் அது. மகளைத் திருப்பி அழைக்க வேண்டாம் என்பதுதான் என் தெளிவான கருத்து.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு நிதானமாகப் பேசுங்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி காலணியும் டார்ச் லைட்டும் வைத்திருக்கிறாளா? ராத்திரியில் நிலம் ஆடினால் முதலில் காலைக் கிழிப்பது உடைந்த கண்ணாடிதான். தலைமாட்டுக்கு மேலே கனமான புத்தக அலமாரி இருந்தால் கட்டிலை நகர்த்தச் சொல்லுங்கள். நிலநடுக்கச் செய்தி கேட்டவுடன் அவளுக்குப் போன் போடாதீர்கள். எல்லோரும் போட்டால் லைன் அடைத்துக்கொள்ளும். “நலம்” என்று ஒரே வார்த்தையை அவள் குறுஞ்செய்தியாக அனுப்பட்டும். அது வரும்வரை காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் காத்திருங்கள்.

கேள்வி: அக்கா, கோலாலம்பூரில் படிக்கிறேன். விடுதியில் 15ஆம் மாடி. 2022 பிப்ரவரியில் சுமத்ராவில் நிலநடுக்கம் வந்தபோது செந்தூலில் எங்கள் பிளாட் ஆடியது. எல்லோரும் படியில் இறங்கி ஓடினோம். பள்ளியில் சொல்லிக்கொடுத்ததும் அதுதானே? ஆனால் இப்போது வாட்ஸ்அப்பில் “மேசைக்கு அடியில் போகாதே, அலமாரி பக்கத்தில் சுருண்டு படு, முக்கோண இடைவெளி உன்னைக் காப்பாற்றும்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. எதைக் கேட்பது? (மாணவர், லெம்பா பந்தாய்)

பதில்: தம்பி, நீங்கள் ஓடியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பது தீ ஒத்திகை. மணி அடித்தால் வரிசையாக நின்று வெளியே வா, திடலில் நின்று பெயர் கொடு. தீக்கு அது சரி. ஆனால் நிலம் ஆடும்போது செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர். தீ என்றால் உடனே வெளியேற வேண்டும். நிலநடுக்கம் என்றால் ஆட்டம் நிற்கும்வரை இருந்த இடத்திலேயே குனிந்து, தலையை மறைத்து, கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் நின்ற பிறகுதான் படி. இந்த ஒரு வித்தியாசத்தை நம் நாட்டில் ஒவ்வொரு பள்ளியிலும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வேலையில் இருந்த காலம் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தேன். இன்னும் கேட்கிறேன்.

ஏன் ஓடக் கூடாது? ஆடுகிற படிக்கட்டில் ஒருவர் தடுக்கினால் பின்னால் வரும் அத்தனை பேரும் அவர் மேல் விழுவார்கள். கீழே போய்ச் சேர்ந்தாலும் வாசலில்தான் ஆபத்து. உங்கள் விடுதியைக் கீழே நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். ஜன்னலுக்கு ஜன்னல் ஏர்கான் கம்ப்ரஸர், கம்பியில் துணி, மாடத்தில் பூந்தொட்டி, முகப்பில் ஓடு. ஆட்டத்தில் இவையெல்லாம் விழுவது கதவைத் தாண்டி வெளியே வரும் மனிதர் தலையில்தான்.

சுமத்ரா எங்கோ இருக்கிறதே, கோலாலம்பூர் ஏன் ஆடுகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். தூரத்திலிருந்து வரும் அலையில் படபடவென்ற சின்ன அதிர்வுகள் வழியிலேயே அடங்கிவிடும். மெதுவாக, நீளமாக ஆடும் அலைகள் மட்டும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரும். ஒரு கட்டடம் ஒருமுறை முன்னும் பின்னும் ஆட எடுக்கும் நேரம், தோராயமாக மாடிக்குப் பத்தில் ஒரு நொடி. 20 மாடி என்றால் 2 நொடி. தூரத்து அலையின் தாளமும் கட்டடத்தின் தாளமும் ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல ஆட்டம் கூடும். அதனால்தான் கீழே கடையில் தேநீர் குடிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. 15ஆம் மாடியில் விளக்கு ஆடும். 2025 மார்ச் 28 அன்று மியன்மாரில் 7.7 அளவில் நிலநடுக்கம் வந்தபோது, சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பேங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த உயரமான கட்டடம் ஒன்று சரிந்து விழுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தீபகற்ப மலேசியாவில் இதுவரை ஆடிய கட்டடங்கள் பெரும்பாலும் ஆடி நின்றுவிட்டன. ஆனால் நிலநடுக்கத்தைக் கணக்கில் எடுத்துக் கட்டடத்தை வடிவமைப்பதற்கான மலேசிய விதிமுறை இணைப்பு 2017இல்தான் வந்தது. அதற்கு முன் எழுந்த மாடிகளில்தான் நம்மில் பெரும்பாலோர் குடியிருக்கிறோம்.

அந்த முக்கோணச் செய்தியை அழித்துவிடுங்கள். பல ஆண்டுகளாகச் சுற்றும் அதை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் எப்போதோ மறுத்துவிட்டது. ஆட்டத்தில் முதலில் கவிழ்வதே அலமாரிதான். அதன் பக்கத்தில் போய்ப் படுப்பதா? கதவு நிலையில் நிற்பதும் பழைய மண்வீட்டுக் காலத்து யோசனை. இப்போதைய கதவு நிலை சுவரைவிடப் பலமானது அல்ல; அதோடு கதவே ஆடி உங்கள் மேல் அடிக்கும்.

விடுதி அறையில் படிக்கும் மேசை இருக்கிறதல்லவா, அதற்கு அடியில் புகுந்து காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை நகர்ந்தால் கூடவே நகருங்கள். படுக்கையில் இருந்தால் எழுந்திருக்கவே வேண்டாம், குப்புறப் படுத்துத் தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடுங்கள். விரிவுரை மண்டபத்தில் இருக்கை வரிசைகளுக்கு நடுவே குனிந்து கைகளால் தலையை மறையுங்கள். ஆய்வகம் என்றால் கைக்கெட்டிய அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு, ரசாயனப் புட்டிகள் இருக்கும் தட்டைவிட்டு விலகுங்கள். லிப்டில் மாட்டிக்கொண்டால் எல்லா மாடிக்கும் பொத்தானை அழுத்தி, முதலில் கதவு திறக்கும் மாடியில் வெளியே வாருங்கள்.

கேள்வி: என் பேரன் கல்லூரியில் நிலநடுக்க ஒத்திகை நடத்தப்போகிறார்களாம். நல்ல நாளும் அதுவுமாக இப்படி அபசகுனமாக நடித்துப் பார்ப்பது தேவையா? வாயில் வருவது பலித்துவிடும் என்பார்களே! (பாட்டி, பட்டர்வொர்த்)

பதில்: உங்கள் பயம் பேரன் மேல் உள்ள பாசத்தில் வருவது, பாட்டி. மெக்சிகோவில் 1985 செப்டம்பர் 19ஆம் தேதி பெரிய நிலநடுக்கம் வந்து ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் அதே நாளில் ஒத்திகை நடத்துகிறார்கள். 2017இல் காலை 11 மணிக்கு ஒத்திகை முடிந்து வேலைக்குத் திரும்பினார்கள். மதியம் ஒன்றேகால் மணிக்கு உண்மையாகவே நிலம் ஆடியது. ஒத்திகை அதை வரவழைக்கவில்லை. அந்தப் பூமி எப்போதும் ஆடும் பூமி. அன்றைக்கு எந்தக் கதவு வழியாக வெளியே வருவது என்பது இரண்டு மணி நேரத்துக்கு முன்தான் நடந்து பார்த்த கால்களுக்குத் தெரிந்திருந்தது. மெக்சிகோ மக்கள் அதற்குப் பிறகும் அந்த ஒத்திகையை விடவில்லை. பேரனுக்குத் திருநீறு பூசி, ஒத்திகைக்கு அனுப்பி வையுங்கள்.

கேள்வி: தனியார் கல்லூரியில் ஜாகா (காவலாளி) வேலை செய்கிறேன் அம்மா. ஒத்திகை நாளில் சைரன் அடித்தால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போனில் படம் பிடிக்கிறார்கள். ஆபீசில் இருப்பவர்கள் பாதிப் பேர் இறங்குவதே இல்லை. கிளினர் பெண்கள் என்ன நடக்கிறதென்று தெரியாமல் முழிக்கிறார்கள். என் பேச்சை யார் கேட்கிறார்கள்? (புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: அண்ணே, வந்த கடிதங்களிலேயே என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது உங்களுடையதுதான். கிளினர் பெண்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் வேலை பார்த்த வளாகத்தில் ஒரு எச்சரிக்கைச் சோதனை. குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் மாணவர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் சில நிமிடங்களில் போய்ச் சேர்ந்துவிட்டன. மேலிடத்துக்கு நல்ல திருப்தி. நான் நான்காம் மாடிப் படிக்கட்டில் நின்று இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பத்தில் நீலச் சீருடையில் ஒரு அம்மா. ஒரு கையில் துடைப்பான், காலடியில் சோப்புத் தண்ணீர் வாளி. படியின் அகலத்தில் பாதியை அந்த வாளி அடைத்துக்கொண்டு நிற்கிறது. பிள்ளைகள் அதைத் தாண்டித் தாண்டி ஓடுகிறார்கள். அவர் சுவரோடு ஒட்டி நின்று, “என்னம்மா, என்ன ஆச்சு? நானும் இறங்கணுமா?” என்று தமிழில் கேட்டார். அவர் போன் எங்கள் பட்டியலில் இல்லை. அவர் குத்தகை நிறுவனத்தின் ஆள், பல்கலைக்கழகத்தின் ஆள் இல்லை. அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் போனது. கேண்டீனில் சமைப்பவர்கள், புல் வெட்டும் வங்காளதேசத்துத் தம்பிகள், நேபாளக் காவலர்கள், யாரும் பட்டியலில் இல்லை. விடியற்காலையில் முதலில் உள்ளே வந்து, மாலையில் கடைசியாகப் போகிறவர்கள் அவர்கள்தான்!

அதற்குப் பிறகு நான் விடவில்லை. ஒவ்வொரு குத்தகை மேற்பார்வையாளரின் எண்ணும் பட்டியலில் ஏறும்வரை கடிதம் எழுதினேன். மாடிக்கு ஒருவர் பொறுப்பாளர். அவர் கையில் ஒலிபெருக்கி, கழுத்தில் விசில். துப்புரவு அறைக் கதவின் உட்புறத்தில் தமிழிலும் சில வரி ஒட்டினோம்: ஆடினால் குனி, தலையை மூடு, நின்ற பிறகு படியில் இறங்கு, வாளியை ஓரமாக வை, லிப்ட் வேண்டாம். உங்கள் கல்லூரியிலும் இதைக் கேளுங்கள். பணம் அதிகம் செலவாகாது, யாராவது ஒருவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் பேச்சை யார் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். எந்தத் தீக்கதவைச் செங்கல் வைத்துத் திறந்தே வைத்திருக்கிறார்கள், எந்தப் படிக்கட்டின் அடியில் உடைந்த நாற்காலிகள் குவிந்திருக்கின்றன, எந்தக் கதவின் பூட்டு துருப்பிடித்தது என்பதெல்லாம் அந்த வளாகத்தில் உங்களுக்குத்தான் தெரியும், இயக்குநருக்குத் தெரியாது. அடுத்த ஒத்திகைக்கு முன் அதையெல்லாம் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள், நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் வந்ததை ஒதுக்கித் தள்ள நிர்வாகம் யோசிக்கும்.

இன்னொன்றும் பாருங்கள். ‘தெம்பாட் பெர்கும்புல்’ என்று பச்சைப் பலகை வைத்த ஒன்றுகூடும் இடம் எங்கே இருக்கிறது? பல வளாகங்களில் அது கட்டடத்தின் கண்ணாடி முகப்புக்குக் கீழேயோ மின்கம்பிக்கு அடியிலேயோ இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி உதிரும் இடத்தில் முந்நூறு பிள்ளைகளை நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவது சரியா? நிலநடுக்கத்துக்குத் திறந்த திடல் வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் மாணவர் யாராவது இருந்தால், ஆட்டத்தின்போது சக்கரத்தைப் பூட்டி, முன்னால் குனிந்து தலையை மறைக்க வேண்டும். பிறகு அவரை இறக்கப் போகும் இருவர் யார் என்பதை அவரோடு உட்கார்ந்து பேசி, பெயர் சொல்லி முடிவு செய்திருக்க வேண்டும். “யாராவது தூக்குவார்கள்” என்று விட்டுவிட்டால் யாருமே தூக்க மாட்டார்கள்.

படம் பிடிக்கும் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். ஒத்திகையில் அவர்களுக்கு வேலை ஒன்றும் கொடுக்காததால்தான் வேடிக்கை பார்க்கிறார்கள். மாடிக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டு, ஒருவரிடம் பெயர்ப் பட்டியலையும் இன்னொருவரிடம் முதலுதவிப் பையையும் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் எச்சரிக்கைச் செய்தியைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று முன்மொழிந்திருக்கிறேன். “அடிக்கடி சோதனை செய்தால் உண்மை வரும்போது யாரும் நம்ப மாட்டார்கள்” என்கிறார்கள் சக விரிவுரையாளர்கள். (கெலுகோர்)

பதில்: அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒழுங்கில்லாத சோதனை நம்பிக்கையைக் கெடுக்கும். 2018 ஜனவரி 13 காலை ஹவாயில் ஒரு ஒத்திகை. அதை உண்மை என்று எடுத்துக்கொண்ட ஓர் ஊழியர், ஏவுகணை வருகிறது என்ற எச்சரிக்கையை மாநிலத்தின் எல்லாப் போன்களுக்கும் அனுப்பிவிட்டார். “தவறான செய்தி” என்று திருத்தம் போக 38 நிமிடங்கள் ஆயின. திருத்தச் செய்தி ஒன்றை முன்கூட்டியே எழுதி வைக்கவில்லை. 2023 ஷேக்அவுட் நாளில் காலை 10:19க்குப் போக வேண்டிய மைஷேக் சோதனை, நேர மண்டலக் குழப்பத்தில் அதிகாலை 3:19க்கே போய் மக்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டது.

ஆனால் இந்தக் குறைகள் வெளிப்பட்டதே சோதனை நடந்ததால்தான். மியன்மார் நிலநடுக்கத்தன்று தாய்லாந்தில் மக்களுக்குக் குறுஞ்செய்தி தாமதமாகப் போனது என்று பெரிய கண்டனம் எழுந்தது. குறுஞ்செய்தி எண் எண்ணாக வரிசையில் போகும். லட்சம் பேருக்குப் போக நேரமாகும். கோபுரத்திலிருந்து அந்தப் பகுதியின் எல்லாப் போன்களுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பும் முறை வேறு. உங்கள் பல்கலைக்கழகத்தின் செய்தி எந்த வழியில் போகிறது, கடைசி ஆளுக்கு எத்தனை நிமிடத்தில் சேர்கிறது என்பதைச் சோதனை இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்மொழிவில் இவற்றைச் சேருங்கள். சோதனை நாளை ஒரு வாரம் முன்பே அறிவியுங்கள். செய்தியின் முதல் வார்த்தையே ‘சோதனை’ என்று இருக்கட்டும், கடைசியிலும் அதுவே வரட்டும். திருத்தச் செய்தியை எழுதி வைத்துவிட்டுத்தான் சோதனையை ஆரம்பியுங்கள். ஒரே வழியை நம்பாதீர்கள்; சைரன், ஒலிபெருக்கி, போன், விரிவுரை மண்டபத் திரை எல்லாம் வேண்டும். மின்சாரம் போனால் எது வேலை செய்யும் என்றும் பாருங்கள். தேர்வு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தினால், ஒன்றை விடுதிகளில் இரவு நேரத்தில் வையுங்கள். நிலநடுக்கம் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லையே. 2005 மார்ச் 29 அன்று நியாஸ் தீவு நிலநடுக்கம் பினாங்கையும் கோலாலம்பூரையும் உலுக்கியது நள்ளிரவு தாண்டி சில நிமிடங்களில்தான்.

கேள்வி: கடற்கரை ஓரமாக வாடகை வீட்டில் தங்கிப் படிக்கிறோம். 2004 மாதிரி இன்னொரு முறை வந்தால் எவ்வளவு நேரம் இருக்கும்? (மாணவிகள், தஞ்சோங் பூங்கா)

பதில்: பிள்ளைகளே, 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை 8:58க்கு. பினாங்குக் கரையை அலை தொட்டது பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு. இடையில் நான்கு மணி நேரம்! அன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை, கேட்க வழி இல்லை. பத்து ஃபிரிங்கியிலும் பாலேக் பூலாவ் பக்கத்திலும் குடும்பம் குடும்பமாகக் குளிக்கப் போனவர்கள் போய்விட்டார்கள். பினாங்கில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர். நாகப்பட்டினத்தில் உறவினர் இருந்த குடும்பங்கள் இங்கே ஒரே நாளில் இரண்டு துக்கத்தைச் சுமந்தன.

அந்தப் பேரலைக்குப் பிறகுதான் நம் வானிலைத் துறையான மெட்மலேசியாவின் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையமும் கரையோரச் சைரன்களும் வந்தன. 2012 ஏப்ரல் 11 மாலை சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் வந்தபோது எச்சரிக்கை உடனே போனது, கடற்கரைகளிலிருந்து மக்களை வெளியேற்றினார்கள். அன்று பேரலை வரவில்லை. “சும்மா ஓடவைத்தார்கள்” என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். நான் அப்படி நினைக்கவே மாட்டேன்.

கரையோரம் நிற்கும்போது ஆட்டம் நீண்டு நின்றாலோ, கடல் திடீரென உள்வாங்கித் தரை தெரிந்தாலோ, சைரனுக்குக் காத்திருக்காமல் மேட்டுப் பக்கம் நடங்கள். சாலை அடைத்துக்கொள்ளும், அதனால் கார் வேண்டாம். மேடு தூரமாக இருந்தால் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு மேல் ஏறுங்கள். முதல் அலை போனதும் இறங்கிவிடாதீர்கள், அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கலாம். இந்த வாரமே ஒரு மாலையில் உங்கள் வீட்டிலிருந்து மேட்டுக்கு நடந்து பாருங்கள், எந்தச் சந்து வழியாகப் போவது என்று நால்வரும் பேசி முடிவெடுங்கள்.

கேள்வி: வங்சா மாஜுவில் நண்பர்களோடு வீடு எடுத்திருக்கிறோம். எங்களுக்கு ஒத்திகை நடத்த யாரும் இல்லை. குறைந்தபட்சம் என்ன செய்து வைக்கலாம்? (மாணவர்)

பதில்: துணி அலமாரியையும் புத்தக அலமாரியையும் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கேஸ் தோங் (சிலிண்டர்) நிமிர்ந்து நிற்கும்படி சங்கிலி போடுங்கள். ஆட்டம் நின்றதும் அதன் வால்வை மூடுவது யார் என்று பேசி வையுங்கள். வாசலுக்கு முன் செருப்புகளையும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுகளையும் குவிக்காதீர்கள், எல்லோரும் ஓடும் வழி அதுதான். போனில் மெட்மலேசியாவின் ‘மைசுவாச்சா’ செயலியை ஏற்றி, அறிவிப்பை அணைக்காமல் வையுங்கள். யாருக்காவது அடிபட்டால் 999. ஒரு சனிக்கிழமை சமையலுக்கு முன் ஒருவர் “ஆடுது!” என்று கத்தட்டும், மற்றவர்கள் எங்கே புகுகிறீர்கள் என்று பாருங்கள். இரண்டு பேர் ஒரே மேசைக்கு அடியில் முட்டிக்கொண்டால் இன்னொரு மேசை வாங்குங்கள்.